வெள்ளவத்தைக் கடலில் ஒரு வெப்ப உணரி

அந்தச் சனிக்கிழமை காலை வெள்ளவத்தை வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர்: என் மாமி, என் அம்மா. மாமி அப்பாவின் அக்கா. கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் மேல்மாடி அனெக்ஸை வாடகைக்கு எடுத்து, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துச் சீவிக்கிறவர். பல்கலைக்கழகத்துக்குப் பஸ் வசதி என்பதால் நான் அவரோடு தங்கியிருந்தேன். அம்மா சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் இருந்து மாமிக்குக் கைகொடுக்க வருவார்.

இல்லாதவர்கள் மூன்று பேர். அப்பா கொட்டாஞ்சேனை ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நான் ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆள் மாமியின் மகன், என் மச்சான். அவரை இல்லாதவர் என்று எழுதினால் மாமி ஒப்புக்கொள்ளமாட்டார். யுத்த காலத்தில் ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள். மாமியைக் கேட்டால் அவர் 'இன்னும் வரேல்லை', அவ்வளவுதான்.

நான் இல்லாத நேரத்தில் நடந்ததை அம்மாவும் மாமியும் பிறகு பல தடவை சொல்லிவிட்டார்கள். அதற்கு முன், என் அறையில் என்ன இருந்தது என்று சொல்லவேண்டும்.

நான் பொறியியல் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார். அம்மா கையெழுத்து மட்டும் வைப்பார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அவர்களுக்குப் பள்ளிக்கூடம் எங்கேயும் நிற்கவில்லை. அதனால் கடைசி வருட ஆய்வுக்கு நான் என்ன எடுக்கிறேன் என்பது வீட்டில் கல்யாணப் பேச்சு மாதிரி ஒரு விஷயமாக இருந்தது.

நான் எடுத்தது, வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணையில் இருந்து விமானத்தைக் காப்பாற்றுவது எப்படி என்பது. என்னை வழிநடத்திய விரிவுரையாளர் ஒரு சிங்களப் பெண்மணி. எரிதல், சுவாலை, வெப்பக் கதிர்கள் என்று பதினைந்து வருடமாக அதிலேயே கிடக்கிறவர். அவரிடம் இருந்த தலைப்புகளில் இதுதான் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் வாங்கித் தரக்கூடியது என்றார். ஒரு பேராசிரியர் ஏற்கனவே மின்னஞ்சல் எழுதியிருந்தார்: நல்ல வகுப்பில் சித்தியும், கையால் எடுத்த அளவீடுகளும் இருந்தால் சம்பளத்தோடு இடம் தருகிறேன் என்று. எனக்கு இந்த ஆய்வில் தங்கியிருந்தது அந்த இடம்தான்.

வீட்டில் புரியவைக்க நான் சொன்ன விளக்கம் இது. அந்த ஏவுகணையின் மூக்கில் ஒரு கண் இருக்கிறது. அதற்கு விமானத்தின் உருவம் தெரியாது, கொடி தெரியாது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது. என்ஜினின் சூடு மட்டும் தெரியும். எது கூடச் சூடோ அதன் பின்னால் போகும். அதனால் விமானம் வெள்ளையாக எரியும் பொறிகளை வாலுக்குப் பின்னால் கொட்டும். கண் அந்தப் பொறியின் பின்னால் போய்விடும். ஆனால் புதுக் கண்கள் அவ்வளவு லேசில் ஏமாறாது. மனிதக் கண்ணுக்குத் தெரியாத இரண்டு நிறங்களில் பார்த்து, இது என்ஜின் சூடு, இது வெறும் பொறி என்று பிரித்துவிடும். அந்தப் பிரிப்பை மேசையில் வைத்து ஒரு சின்ன மாதிரியில் அளந்து, எந்த இடத்தில் அது தடுமாறுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

முதல் தடவை இதைக் கொட்டாஞ்சேனை வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது.

"எந்தப் பிளேனை?" என்றார்.

"எந்தப் பிளேனையும்தான் அப்பா. ஆமிப் பிளேன், சாமான் கொண்டுபோற பிளேன், காயப்பட்ட ஆக்களை ஏத்துற ஹெலி."

"குண்டு போடுறதையும்?"

"அதையும்தான்."

அம்மா ரசச் சட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், போதும் நிப்பாட்டு என்கிற மாதிரி. அப்பா ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்: "நாங்கள் பதுங்குகுழிக்குள்ள கிடக்கேக்க அதுகளைப் பாத்தனாங்கள். போட்டுட்டுத் திரும்பேக்க பின்னால வெள்ளை வெள்ளையா கொட்டிக்கொண்டு போகும். சின்னப் பிள்ளையள் பூவாணம் எண்டு சொல்லுங்கள். நாங்கள் அது எங்களை வெருட்ட விடுறது எண்டு நினைச்சனாங்கள்."

"இல்லை அப்பா, ஏவுகணை வந்திடும் எண்ட பயத்தில விடுறது."

"அப்ப அதுக்குள்ள இருந்தவனும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறான்." ஒரு வாய் சாப்பிட்டார். "நீ சொல்லித்தான் தெரியுது."

எடு என்றும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கடைக்கு வந்த இன்னொரு லோட் இறக்கிய காசில் எனக்கு வயர் பற்றவைக்கிற நல்ல சால்டரிங் அயன் ஒன்று வாங்கித் தந்தார். என் மேசையில் என்ஜினாக நடித்தது அந்தச் சால்டரிங் அயன்தான்.

மாமியின் பிரச்சினை வேறு. அவருக்கு விமானத்தைப் பற்றிக் கவலை இல்லை. என் சுவரில் ஒட்டியிருந்த வரைபடங்களைப் பற்றித்தான் கவலை. ஒவ்வொரு வரைபடத்திலும் ஒரு விமானமும், அதைத் துரத்தும் ஏவுகணையும் இருந்தன. ஏவுகணை எங்கிருந்து வரும், எந்தக் கோணத்தில் என்ஜினைக் காணும் என்று அம்புக்குறிகள் போட்டிருந்தேன்.

"தம்பி, இதெல்லாம் கழட்டி வையன்."

"மாமி, இது பிளேனைக் காப்பாத்துற படம்."

"காப்பாத்துறதோ விழுத்துறதோ, படத்தில ரெண்டும் இருக்குதெல்லோ. பாக்கிறவனுக்கு எது தெரியும்?"

"கம்பஸில தந்த வேலை மாமி. கடிதம் இருக்கு."

"உன்ர மச்சானிட்டயும் கடிதம் இருந்தது. ரேடியோ திருத்தப் பழகிற இடத்தில குடுத்த கடிதம்."

மச்சானைக் கொண்டுபோன அன்று அவருடைய அறையில் அகப்பட்டது ஒரே ஒரு தாள்: ஒரு வானொலிப் பெட்டியின் வயரிங் படம். அதற்குப் பிறகு மாமி, கோடும் அம்புக்குறியும் உள்ள எந்தத் தாளையும் வீட்டுக்குள் விரும்பியதில்லை. நான் படங்களைச் சுவரில் இருந்து கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். அது மாமிக்கு இன்னும் பயமாகப் போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது. சுவரில் இருந்தால் படம். கட்டிலுக்குக் கீழே இருந்தால் ஒளித்து வைத்த படம்.

அந்த வெள்ளிக்கிழமை, நாங்கள் மிஸ் என்று கூப்பிடுகிற என் விரிவுரையாளர் தன் கையெழுத்தில் துறையின் வெப்ப உணரியை எனக்கு எடுத்துத் தந்தார். ஐந்து ரூபாய்க் குற்றியளவு வட்டத் துண்டு, ஒரு கறுப்புப் பெட்டிக்குள். சால்டரிங் அயனின் சூட்டை நான் சொன்ன அந்த இரண்டு நிறங்களிலும் காணக்கூடியது துறையில் அது ஒன்றுதான். சனி, ஞாயிறு ஆய்வுகூடம் பூட்டு. திங்கட்கிழமை பரீட்சகர்களுக்கு முன்னால் நான் இயக்கிக் காட்டவேண்டும். ஆகவே வீட்டில் வைத்து அளவுகளை எடுத்து முடி, கண் மாதிரிப் பார்த்துக்கொள் என்று சொல்லித் தந்தார். வெள்ளி இரவு எல்லாவற்றையும் பொருத்தினேன். சுற்றுகிற தட்டு, மோட்டார், உணரி, சால்டரிங் அயன், பொறிக்குப் பதிலாக ஒரு சின்ன பல்ப். சரியாக வேலைசெய்தது. சனி பின்னேரம் அளக்கலாம் என்று காலையில் ரியூஷனுக்குப் போய்விட்டேன்.

பத்து மணியளவில் அம்மா பல்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாராம். ஒழுங்கை, காலி வீதி என்ற பெருந்தெருவில் ஏறும் முனையில் ஒரு ஜீப் நின்றது. இரண்டு பொலிஸ்காரர் இறங்கி முதல் வீட்டுக்குள் போனார்கள். பிறகு அடுத்த வீடு. பிறகு அதற்கடுத்த வீடு. ஒன்றையும் விடவில்லை.

அம்மா உள்ளே வந்து "மச்சாள், வீடு வீடா வருகினம்" என்று மட்டும் சொன்னார்.

மாமி கையைக் கழுவினார். "தம்பியின்ர அறை" என்றார். அதற்குமேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பேசத் தேவையும் இல்லை. இருபது, முப்பது வருடங்களுக்கு முன் இருவரும் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு வீடுகளில் செய்து பழகிய வேலை அது. ஒருவர் வாசலில் நின்று கதைப்பது, மற்றவர் பின்னால் துப்புரவாக்குவது. தாளை எரிக்கக் கூடாது, புகை காட்டிக்கொடுக்கும். கிழித்து எறியக் கூடாது, பொறுக்கி ஒட்டுவார்கள். வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து கூழாக்கவேண்டும். சாமான் என்றால் பாரம் கட்டித் தண்ணீரில் இறக்கவேண்டும். முன்பு கிணறு. வெள்ளவத்தையில் கடல்.

அம்மா என் படங்களையும் அச்செடுத்த கட்டுரைகளையும் வாளிக்குள் போட்டுப் பிசைந்தார். மேசையில் இருந்த எல்லாவற்றையும், சுற்றும் தட்டு, மோட்டார், கறுப்புப் பெட்டி, சால்டரிங் அயன் உட்பட, ஒரு மாப் பைக்குள் போட்டார். பாரத்துக்கு மாமியின் பழைய பித்தளை இடியப்ப உரலை வைத்துக் கட்டினார். பின்படியால் இறங்கி, மரைன் டிரைவ் வீதியைக் கடந்து, தண்டவாளத்தைக் கடந்து, பாறைக்குப் போனார். அம்மாவுக்கு அறுபது வயது. அந்தப் பாறையில் அவர் அதற்கு முன் ஏறியதே இல்லை.

மாமி வாசலைத் திறந்தார். இரண்டு பொலிஸ்காரரோடு மூன்றாவதாக ஒருவர் வெள்ளைச் சட்டையோடு நின்றார். மாமி அவரைக் கவனிக்கவே இல்லை. சந்தையில் பழகிய சிங்களத்தில் "மாத்தயா, தே ஹதன்னத?" என்று தேத்தண்ணி போடட்டுமா எனக் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கதைக்கத் தொடங்கினாராம். முழங்கால் வருத்தம், சீனி வருத்தம், தேங்காய் விலை. இளம் பொலிஸ்காரரிடம் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றதும் ஏன் இல்லை என்று கேட்டார். அம்மா பின்படியால் போன சத்தம் கேட்கக் கூடாது என்று குரலை உயர்த்தி உயர்த்திக் கதைத்திருக்கிறார்.

வெள்ளைச் சட்டைக்காரர் மாநகர சபையின் சுகாதாரப் பரிசோதகர். அவருக்கு வாய் திறக்க இடம் கிடைத்தபோது சொன்னது ஒரே சொல்: "மதுருவோ, அம்மே."

நுளம்பு. டெங்கு பார்க்க வந்திருந்தார்கள்.

மாமி அதை நம்பவில்லை. நம்பியிருந்தாலும், அதற்குள் பை பாறையைத் தாண்டிவிட்டது. பரிசோதகர் குசினிக்குள் போய் வாளியைக் கண்டார். டெங்கு பார்க்க வந்தவர் தண்ணீர் வாளியைக் கண்டால் விடுவாரா. உள்ளே சாம்பல் நிறக் கூழ்.

"இது என்ன அம்மே?"

"பேப்பர்."

"பேப்பரை ஏன் தண்ணியில போட்டிருக்கிறீங்க?"

"உருண்டை பிடிச்சு, காய வைச்சு, அடுப்புக்கு எரிக்க. காஸ் விக்கிற விலையில என்ன செய்யிறது மாத்தயா?"

மூத்த பொலிஸ்காரர் வாளிக்குள் எட்டிப் பார்த்து, நல்ல யோசனை, என் மனிசியிடமும் சொல்லவேண்டும் என்றாராம். என் நான்காம் அத்தியாயத்தின் வரைபடங்கள் எல்லாம் அந்த வாளிக்குள் இருந்தன.

வாளித் தண்ணீர் அன்றைய தண்ணீர் என்பதால் குற்றமில்லை. ஆனால் பரிசோதகர் குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் உள்ள தட்டை இழுத்தபோது அதில் நுளம்புக் குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. மாமியின் பெயரில் வழக்குத் துண்டு எழுதப்பட்டது. மாமி அதைச் சந்தோசமாக வாங்கிக்கொண்டாராம். வழக்குத் துண்டு தந்தவர்கள் ஆளைக் கொண்டுபோகமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு.

நான் மத்தியானம் வந்தபோது இருவரும் குசினியில் இருந்தார்கள். அம்மாவின் சேலைக் கரை நனைந்திருந்தது. மாமி எனக்கு முட்டை பொரித்து வைத்திருந்தார். நான் அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கதவடியில் நின்றேன்.

"பயப்பிடாதை தம்பி," என்றார் மாமி. "ஒரு துண்டும் மிஞ்சேல்லை."

அவருடைய முகத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் அவரிடம் கண்டதில்லை. பரீட்சையில் பாஸ் பண்ணிய பிள்ளை மாதிரி இருந்தார். நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். அடுப்பெரிக்கப் பேப்பர் என்று தான் சொன்ன இடத்தில் சிரித்தார். அம்மாவும் சிரித்தார்.

"அவை நுளம்பு பாக்க வந்தவை மாமி," என்றேன்.

"ஓம். இண்டைக்கு நுளம்பு. நாளைக்கு?"

அம்மாதான் முதலில் என் முகத்தைக் கவனித்தவர். "விலை கூடின சாமானோ தம்பி?"

"அது என்ர இல்லை அம்மா. மிஸ்ஸின்ர கையெழுத்தில எடுத்தது. திங்கட்கிழமை அதை வைச்சுத்தான் காட்டவேணும். அது இல்லாமல் அளவு எடுக்கேலாது. அளவு இல்லாட்டி வெளிநாட்டு இடம் இல்லை."

மாமியின் சிரிப்பு நின்றது. ஆனால் பின்வாங்கவில்லை. "இடம் இல்லாட்டிப் பரவாயில்லை," என்றார். "நீ இருக்கிறாய்தானே."

நான் சாப்பிடாமல் கடற்கரைக்குப் போனேன். அம்மா பின்னால் ஓடிவந்து, எறிந்த இடத்தைக் காட்டினார். தென்மேற்குக் காற்றுக் காலம். பாறைக்கு மேலால் அலை ஏறி வந்தது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் ஐயா அம்மாவை அடையாளம் கண்டுகொண்டார்.

"காலைல கடலுக்க குப்ப போட்டது இவங்கதானே. நான் ஏசினேன், திரும்பியும் பாக்கல்ல. இப்ப மகனக் கூட்டிட்டு வந்து குப்பயத் தேடுறாங்களா?"

"அது குப்பை இல்லை ஐயா," என்றேன்.

"பின்ன என்ன, பவுனா?"

"கிட்டத்தட்ட."

அவர் தூண்டிலைப் பாறை இடுக்கில் செருகிவிட்டு, தன் நீளமான கொக்கித் தடியை எடுத்துத் தந்தார். அரை மணித்தியாலம் போல இருவரும் துழாவினோம். பாசி வந்தது, ஒரு றப்பர்ச் செருப்பு வந்தது. அம்மா கரையில் நின்று, "வேண்டாம் தம்பி, வழுக்கும், ஏறி வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அகப்பட்டிருந்தாலும் உப்புத்தண்ணீரில் நனைந்த உணரி உதவாது. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் துழாவினேன்.

செய்தி கேட்டு அப்பா கடை முடிந்த கையோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அக்கா, சாப்பிட்டனியோ?" என்று கேட்டார். மாமி இல்லை என்றார். அப்பா தானே இடியப்பத்தை எடுத்து, சொதியை ஊற்றி, அக்காவுக்கு முன்னால் வைத்தார். உணரியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பஸ் நிலையத்துக்கு நான் கூடப்போனபோது மட்டும் சொன்னார்:

"அவவோட கத்தினியோ?"

"இல்லை."

"கத்தாதை. உனக்கு ஒரு மெசின் போச்சு. அவ இண்டைக்கு ஒரு பிள்ளையைக் காப்பாத்திப்போட்டன் எண்டு இருக்கிறா. அதை அவவிட்ட இருந்து எடுத்துப்போடாதை."

பஸ்ஸில் ஏறும்போது திரும்பி, "அந்த மிஸ்ஸுக்குப் பிரச்சினை வருமோ?" என்று கேட்டார். வரும் என்றேன். அதற்குப் பிறகு அவர் முகம் மாறிவிட்டது.

அன்று இரவும் ஞாயிறும் நான் கோபத்தோடுதான் இருந்தேன். ஆனால் கோபத்துக்கு நடுவில் ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. வருடம் முழுக்க நான் படித்தது, ஒரு விமானம் தன் சூட்டை எப்படி மறைப்பது, தேடி வருகிற கண்ணை எப்படி வேறு பக்கம் திருப்புவது என்பதை. ஹெலியின் புகைக்குழாயை மேல்நோக்கித் திருப்பி, குளிர்ந்த காற்றைக் கலந்து விடுவார்கள், கீழே இருந்து பார்ப்பவனுக்குச் சூடு தெரியாமல். மாமி பஸ்ஸில் போகும்போது இன்றைக்கும் பொட்டை அழித்துவிட்டுத்தான் ஏறுவார். கைப்பேசியில் தமிழில் சத்தமாகக் கதைக்கமாட்டார். நான் இதை ஒரு பழைய பயம் என்று நினைத்திருந்தேன். பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு முறையும் இருந்தது. அந்த முறை அன்றைக்குப் பிழையில்லாமல் வேலைசெய்தது. தேடி வந்த கண்தான் அன்றைக்கு இல்லை.

திங்கள் காலை மிஸ்ஸின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கலந்து சொன்னேன். அவர் "கடலிலா?" என்று கேட்டார். பிறகு மறுபடியும் "கடலிலா?" என்றார். டெங்கு என்ற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். நுளம்புக் குடம்பி தன்னுடைய குளிர்சாதனப் பெட்டித் தட்டிலும் இருக்கும் என்றார். மச்சானைப் பற்றிச் சொன்னதும் கையை எடுத்து மேசையில் வைத்தார்.

"உங்கள் மாமி இப்போது எப்படி இருக்கிறார்?"

"நன்றாக இருக்கிறார் மிஸ். அதுதான் பிரச்சினை."

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு, "இரண்டு மணிக்கு உங்கள் முறை," என்றார். "என்ன இருக்கிறது உங்களிடம்?"

ஒன்றும் இல்லை. ஆய்வுகூடத்தில் தேடி, தொலைக்காட்சி ரிமோட்டின் ஒளியைப் பிடிக்கிற மலிவான உணரி ஒன்றை எடுத்தோம். அது சால்டரிங் அயனைக் காணாது. அந்தச் சூடு அதற்குப் போதாது. ஆகவே என்ஜினுக்கும் ஒரு பல்ப், பொறிக்கும் ஒரு பல்ப். ஒன்று மங்கலாக, மற்றது சட்டென்று பிரகாசித்து அணைவதாக. அட்டையில் வெட்டிய தட்டு. மிஸ் சாப்பிடாமல் என்னோடு நின்று ஒட்டினார்.

இரண்டு மணிக்கு அது ஓடியது. உணரி காணும் திசையைக் காட்டும் ஊசி மங்கல் பல்பைப் பிடித்துக்கொண்டு நின்று, பொறி பிரகாசித்ததும் அதன் பின்னால் போனது. பரீட்சகர்களில் ஒருவர் கேட்டார்: "இது பழைய ஏவுகணை. புதியது இதற்கு ஏமாறாதே?"

"ஏமாறாது சேர். இரண்டு நிறத்தில் ஒப்பிடும்."

"காட்டுங்கள்."

"காட்ட முடியாது சேர். விளக்கலாம்."

பலகையில் விளக்கினேன். கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். எங்கேயும் தடுமாறவில்லை. ஆனால் அளவீட்டு அட்டவணை இருக்கவேண்டிய பக்கம் வெறுமையாக இருந்தது. இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு கிடைத்தது. வெளிநாட்டுப் பேராசிரியர் மரியாதையாக எழுதினார்: அளவீடுகள் இல்லாமல் இந்த வருடம் முடியாது, வேறு அளவீடுகளோடு பிறகு விண்ணப்பியுங்கள். நான் இப்போது ஏசி பூட்டுகிற ஒரு கம்பனியில் வேலை செய்கிறேன். ஓய்வு நேரத்தில் அந்த வெறுமையான பக்கத்தைப் பற்றி யோசிக்கிறேன்.

உணரிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி துறையில் வந்தது. கையெழுத்து மிஸ்ஸினுடையது. அவர் தானே கட்டுகிறேன், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்றார். அதை வீட்டில் சொன்னபோது அப்பா முதன்முதலாகக் குரலை உயர்த்தினார். "எங்களை நம்பிக் கையெழுத்து வைச்ச பிள்ளை. அவ கட்டுறதோ? நாளைக்கு இன்னொரு தமிழ்ப் பிள்ளை போய்க் கேட்டா அவ குடுப்பாவோ?" மிஸ்ஸுக்கு அப்பாவைவிடப் பத்து வயதுதான் குறைவு. அப்பாவுக்கு, படிப்பிக்கிறவர்கள் எல்லோரும் பிள்ளைகள்தான்.

அந்த வார ஞாயிறு நால்வரும் மாமியின் குசினியில் இருந்து கதைத்தோம். அப்பா கடையில் முற்பணம் கேட்பதாகச் சொன்னார். நான் ரியூஷன் பிள்ளைகளைக் கூட்டுகிறேன் என்றேன். மாமியிடம் விலையைச் சொல்லக்கூடாது என்று அம்மா கண்ணால் காட்டினார். ஆனால் மாமி நேராகக் கேட்டுவிட்டார்.

"எவ்வளவு?"

நான் சொன்னேன். துறை தந்த விலை, கப்பலில் வருகிற செலவு, சுங்கம்.

மாமி இடியப்பத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். திட்டுவார், அழுவார், தலையில் கைவைப்பார் என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அடுக்கி முடித்தார்.

"அவ்வளவுதானே," என்றார். "இதுக்கு ஒரு விலை சொல்லுறாங்கள். கட்டலாம். அவனைக் கொண்டுபோனவங்களிட்ட நான் எத்தினை இடத்தில போய் நிண்டு கேட்டனான், எவ்வளவெண்டாலும் தாறன் எண்டு. ஒருத்தரும் ஒரு விலை சொல்லேல்லை."

அம்மா எழுந்து போய் அடுப்பைப் பார்த்தார், அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

அந்த வாரமே மாமி கடைகளுக்குக் கொடுக்கும் இடியப்பத்தை இன்னும் நூறு கூட்டினார். எழும்புகிற நேரம் முந்தியது. விடியப்புறம் நான் உரல் பிழிய, அவர் அவிப்பார். வேலை நடக்கும்போது அதிகம் கதைக்கமாட்டோம். ஒரு நாள் மட்டும், "அந்தப் பொறி எரியிறது எப்பிடி எண்டு எனக்குச் சொல்லு," என்றார். சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, அப்ப அது எரிஞ்சு முடியுறதுக்கிடையில பிளேன் போயிடவேணும்," என்றார். ஓம் மாமி, அதுதான் என்றேன்.

காசு கட்டி முடிந்ததும், உணரிக்குப் பொறுப்பாளி என்று துறைப் பதிவில் இருந்த மிஸ்ஸின் பெயர் நீக்கப்பட்டதை அவரே தொலைபேசியில் சொன்னார், உங்கள் அப்பாவிடமும் சொல்லுங்கள் என்று. கட்டி முடிக்கப் பதினொரு மாதமாயிற்று. உணரி, கப்பல் செலவு, சுங்கம், நுளம்புக் குடம்பிக்கு நீதிமன்றம் போட்ட ஐயாயிரம் ரூபாய் தண்டம், எல்லாமாக ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.